செடான் கார் வாங்குமுன் கடைக் கணக்கைப் பாருங்கள்



பண்டிகை வியாபாரம் நல்லபடியாக முடிந்து, கணக்கு நேர் செய்யும் காலத்தில் நம்மவர்கள் பலருக்கும் ஓர் எண்ணம் வருவது உண்டு. “பழைய வண்டியைத் தள்ளிவிட்டு நல்ல செடான் கார் ஒன்று எடுத்துவிடலாமே” என்பதுதான் அது. நியாயமான ஆசைதான். விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவன், குடும்பத்தோடு நாலு இடத்துக்குச் சௌகரியமாகப் போய்வர நினைப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் மொத்த வியாபாரத்தில் இருக்கிற நாம் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. புதுக் கார் எடுத்த மூன்றாவது, நான்காவது மாதத்தில் அதுவரை ரொக்கத்துக்குச் சரக்கு எடுத்தவர் “இந்த வாரம் பற்றில் எழுதுங்கள்” என்பார். ரொக்கத் தள்ளுபடி போய்விடும். பிறகு துவரம் பருப்பு விலை இறங்கியிருக்கும் நாளில் பத்து மூட்டை எடுக்க வேண்டியவர் நான்கோடு நிறுத்திக்கொள்வார். கார் வாசலில் நிற்கும். கடை அலமாரியில் இடைவெளி தெரியும்.

அதனால் கார்களை ஒப்பிடும்போது எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் பெரும்பாலும் ஆயிரங்களில்தான். காரின் அளவு, வரி, கடன் ஆகியவற்றில் வருகிற வித்தியாசம் லட்சங்களில். பெரிய தொகையை முதலில் பார்ப்பதுதானே வியாபாரி வழக்கம்?

நான்கு மீட்டர் கோடு

செடான் என்பது டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் கார். இதில் இரண்டு வகை உண்டு. மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர் ஆகியவை நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்குபவை. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் ஆகியவை நாலரை மீட்டர் நீளமுள்ள நடுத்தர செடான்கள். மாருதியின் சியாஸும் இந்த வரிசையில் இருந்தது. 2025-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த அரை மீட்டருக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. வீதப்படி, நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்கு வரி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். இதற்குமுன் சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29, நடுத்தர செடானுக்கு 45 சதவீதமாக இருந்தது. இரண்டுமே குறைந்தன என்றாலும் இடையிலுள்ள வித்தியாசம் 16-லிருந்து 22 ஆகப் பெரிதாகிவிட்டது.

அடுத்தது நம் மாநிலத்தின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்திய வீதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரி இல்லாமல் 8 லட்சம் மதிப்புள்ள சிறிய செடான், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 9,44,000 ரூபாய். அதன்மேல் சாலை வரி 13 சதவீதம் 1,22,720. மொத்தம் 10,66,720. வரி இல்லாமல் 10 லட்சம் மதிப்புள்ள நடுத்தர செடான், 40 சதவீதம் சேர்ந்தால் 14,00,000. சாலை வரி 18 சதவீதம் 2,52,000. மொத்தம் 16,52,000. இன்சூரன்ஸ் இதில் சேரவில்லை.

இரண்டு வண்டிக்கும் அசல் மதிப்பில் வித்தியாசம் 2 லட்சம்தான். கையிலிருந்து போகும் பணத்தில் வித்தியாசம் 5,85,280 ரூபாய். அந்த 5,85,000 ரூபாய் சரக்கில் இருந்தால், ஒரு சுற்றுக்கு 2 சதவீதம் நிகர லாபம், வருடத்துக்கு 12 சுற்று என்று வைத்தாலும் 1,40,400 ரூபாய் தரும். நடுத்தர செடான் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதன் விலையை இந்தத் தொகையையும் சேர்த்து அறிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறோம்.

எல்லைக்கு அப்பால் பதிவு செய்யலாமா?

குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நமக்குப் புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரம். அங்கே சாலை வரி நம் மாநிலத்தைவிடப் பல ஆண்டுகளாகவே குறைவு. எனவே “அங்கே தெரிந்தவர் முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமே” என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ அல்லது தொழில் நடத்துகிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அந்த மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும். புதுச்சேரி நகருக்குள் உண்மையாகவே கடையோ கிடங்கோ இருந்து வண்டியும் அங்கேயே நிற்குமானால் அங்கே பதிவு செய்வதில் குற்றம் இல்லை. முகவரிக்கு மட்டும் புதுச்சேரி, வண்டி நிற்பது வானூர் வட்டம் என்றால் அது வரி ஏய்ப்பு. 2017-இல் கேரளத்தில் இப்படிப் புதுச்சேரி முகவரியில் பதிவான விலை உயர்ந்த கார்கள் மீது விசாரணையும் வழக்கும் வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஜி.எஸ்.டி. எண் வைத்துத் தொழில் செய்கிற நம் பெயரில் பொய் முகவரி ஒன்று ஆவணத்தில் ஏறுவது நல்லதல்ல. திண்டிவனத்தின் 16-ஆம் எண்ணோ விழுப்புரத்தின் 32-ஆம் எண்ணோ வண்டியில் இருப்பதே நிம்மதி.

நான்கு கார்களும் ஒரே பார்வையில்

வேண்டிய கணக்கெல்லாம் பார்த்து, நடுத்தர செடான்தான் என்று முடிவு செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கின் விலையும் ஏறக்குறைய 10 லட்சத்தில் தொடங்கி, ரகத்துக்கு ஏற்ப 20 லட்சம் வரை போகிறது.

ஹோண்டா சிட்டி: 1998-இல் நம் நாட்டுக்கு வந்த பெயர், இப்போது ஓடுவது 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறை. 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் இன்ஜின், 121 குதிரைசக்தி. டிக்கி 506 லிட்டர். டர்போ கிடையாது. அமைதியாக ஓடும் இன்ஜின், பின் இருக்கையில் நல்ல இடம் என்பவை இதற்கு நீண்ட காலமாக உள்ள பெயர்.

ஹூண்டாய் வெர்னா: 2023-இல் வந்த மாடல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. 115 குதிரைசக்தி சாதாரண இன்ஜின், 160 குதிரைசக்தி டர்போ இன்ஜின் என்று இரண்டு உண்டு. டிக்கி 528 லிட்டர், நான்கிலும் பெரியது. வசதிச் சாமான்கள் அதிகம்.

ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ்: இரண்டும் 2022-இல் வந்தவை. புனே அருகே சாகனில் ஒரே தொழிற்சாலையில், ஒரே அடித்தளத்தில் தயாராகும் உடன்பிறப்புகள். 1 லிட்டர் டர்போ 115 குதிரைசக்தி, 1.5 லிட்டர் டர்போ 150 குதிரைசக்தி என்று இரண்டு இன்ஜின்கள். டிக்கி 521 லிட்டர். தரை இடைவெளி 179 மி.மீ.; சிட்டியில் இது 165 மி.மீ. நம் கிராமச் சாலை வேகத்தடைகளில் ஐந்து பேரோடு ஏறி இறங்கும்போது இந்த 14 மி.மீ. வித்தியாசம் தெரியும்.

பாதுகாப்பில், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஸ்லாவியாவும் வெர்டஸும் 2023 ஏப்ரலிலும், வெர்னா அதே ஆண்டு அக்டோபரிலும் 5 நட்சத்திரம் பெற்றன. சிட்டி 2020-இல் ஆசியான் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. சென்னை - திருச்சி சாலையில் இரவில் லாரிகளுக்கிடையே ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அதே சமயம், நான்கு மீட்டருக்குள் இருக்கும் டிசையரின் 2024 மாடலும் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. எனவே பாதுகாப்புக்காகப் பெரிய கார்தான் எடுக்க வேண்டும் என்ற வாதம் இப்போது முழுவதும் எடுபடாது.

டர்போ இன்ஜின் நெடுஞ்சாலையில் முந்திச் செல்ல நல்ல இழுவை தரும். ஆனால் குயிலாப்பாளையம் கடைத்தெருவிலும் திண்டிவனம் பஜாரிலும் முந்துவதற்கு இடம் எங்கே? மாதம் நாலு முறை சென்னை போகிறவர் டர்போவுக்குப் பணம் கொடுக்கலாம். கடை, வீடு, கிடங்கு என்று சுற்றுகிறவருக்குச் சாதாரண இன்ஜினே போதும், பராமரிப்பும் எளிது. விலை உயர்ந்த ரகங்களில் வரும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் பழுதானால் செலவு பெரிது என்பதையும் மனதில் வையுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஷோரூமுக்கு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். செடானில் இருக்கை தாழ்வாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாலே எந்தக் கார் என்பது தெரிந்துவிடும்.

மைலேஜ் கணக்கு

டீசல் செடான் வாங்கி மைலேஜில் மிச்சம் பிடித்த காலம் போய்விட்டது. புதிய புகை விதி காரணமாக 2023-இல் சிட்டி, வெர்னா இரண்டிலும் டீசல் நின்றுவிட்டது. நான்கு கார்களுக்கும் கம்பெனி சொல்லும் பெட்ரோல் மைலேஜ் ஏறக்குறைய 17 முதல் 20 கிலோமீட்டர். ஊருக்குள் ஓட்டும்போது இதில் கணிசமாகக் குறையும். மாதம் 1,000 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 15 கி.மீ. தரும் காருக்கு 6,667 ரூபாய். 18 தரும் காருக்கு 5,556 ரூபாய். வித்தியாசம் மாதம் 1,111 ரூபாய். மைலேஜுக்காக மட்டும் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு 1 லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அதைத் திரும்ப எடுக்க ஏழரை ஆண்டு ஆகும்.

சிட்டியில் 2022-இல் ஹைப்ரிட் ரகம் வந்தது. பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓடும். அது 22 கி.மீ. தந்து, சாதாரண ரகம் 14 தருவதாகக் கொண்டால் மாதம் சுமார் 2,600 ரூபாய் மிச்சம். கூடுதல் விலை 4 லட்சம் என்றால் போட்டதை எடுக்க ஏறக்குறைய 13 ஆண்டு. மாதம் 3,000 கி.மீ. ஓடுகிறவருக்கே அது கட்டுப்படியாகும். பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கியும் சிறியது.

மழையும் இன்சூரன்சும்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலை நம் வட்டாரம் மறக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. செடான் தாழ்வான வண்டி. தேங்கிய தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து உள்பாகங்கள் வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும். கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் இருக்கும் நாம் இதை எடுக்காமல் விடக்கூடாது. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.

புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். 2022-இல் நிர்ணயித்த வீதப்படி 1,000 சி.சி.க்குள் 6,521 ரூபாய். அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 10,640 ரூபாய். ஸ்லாவியா, வெர்டஸின் 1 லிட்டர் இன்ஜின் 999 சி.சி. என்பதால் அதற்கு முதல் வீதம். ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பார்த்தால் ஷோரூம் தொகையும் தானாக இறங்கும்.

பேரேட்டில் கார் எப்படி ஏறும்?

“கடை பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்ப வந்துவிடும்” என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவுப்படி, 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. கார் விற்பவர், வாடகைக்கு ஆள் ஏற்றுபவர், ஓட்டுநர் பயிற்சி தருபவர் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு. அந்தக் காரின் இன்சூரன்ஸ், ரிப்பேர் மீதான வரிக்கும் இதே கதைதான்.

சரக்கு வாகனத்துக்கு இந்தத் தடை இல்லை. 7 லட்சம் மதிப்புள்ள குட்டி யானை மாதிரி வண்டிக்கு 18 சதவீதம் கட்டும் 1,26,000 ரூபாய், முறையாக ஜி.எஸ்.டி. கட்டும் வியாபாரிக்கு வரவாகக் கிடைக்கும். காம்பொசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்குக் கிடைக்காது. 10 லட்சம் மதிப்புள்ள செடானுக்குக் கட்டும் 4 லட்சமோ போனது போனதுதான். செடான் டிக்கியில் சரக்கு அடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். அவசரத்துக்கு இரண்டு மூட்டை வைக்கலாம். தினமும் அரிசி மூட்டை ஏற்றினால் பின் ஸ்பிரிங்கும் போகும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்சிலும் தகராறு வரும்.

வருமான வரியில், தொழிலுக்குப் பயன்படும் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதி. சொந்த உபயோகப் பங்கைக் கழித்துவிட வேண்டும். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் அனுமான முறையில் கணக்குக் கொடுக்கும் சிறு வியாபாரிகளுக்குத் தேய்மானம் தனியாகக் கிடைக்காது. அது அதற்குள்ளேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. அவர்களுக்குக் கடை பெயரில் கார் வாங்குவதால் இந்த வகையில் லாபம் இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஷோரூமில் 1 சதவீதம் வரி பிடிப்பார்கள். அது நம் கணக்கில் ஏறும் பணம். ரிட்டர்னில் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முனைய வேண்டாம். வாங்குகிறவருக்கு அபராதம் வரும், நமக்கும் விசாரணை வரும்.

கடனும் பேரமும்

10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்றால் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை 20,758 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,45,500. ஏழு ஆண்டுக்குத் தவணை 16,089-ஆகக் குறையும். வட்டி 3,51,500 ஆகும். தவணை சின்னதாகத் தெரிவதற்காக 1,06,000 ரூபாய் கூடக் கொடுக்கிறோம். கடையின் மோசமான மாதம் எதுவோ, ஆடியோ மார்கழியோ, அந்த மாத லாபத்தில் இருந்து தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தவணைக்காகக் கொள்முதல் பணத்தைத் தொட வேண்டி வருமானால் ஒரு வருடம் பொறுத்திருப்பதே உத்தமம்.

இப்போது எல்லோருக்கும் எஸ்.யு.வி. மோகம். அதனால் செடானுக்குப் பேரம் பேச இடம் இருக்கிறது. வருடக் கடைசியில் தள்ளுபடி கூடும். ஆனால் நாம் பிஸ்கட் பெட்டியில் பேக்கிங் தேதி பார்ப்பது போல, கார் எந்த மாதம் தயாரானது என்று படிவம் 22-இல் பாருங்கள். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய சரக்கு என்றால் அதற்கேற்ற விலை கேளுங்கள். கொட்டேஷனில் ‘சாமான்கள்’, ‘கையாளும் கட்டணம்’ என்று தனியாக எழுதியிருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டாததை அடித்துவிடுங்கள்.

சர்வீஸ் நிலையம் எத்தனை தூரம் என்பதும் முக்கியம். தேவூ கடையைக் கட்டிவிட்டது. செவர்லே 2017 கடைசியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. நாம் சென்னை போகும் வழியில் பார்த்துப் பழகிய மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையும், 2021 செப்டம்பர் அறிவிப்புக்குப் பின் கார் தயாரிப்பை நிறுத்தியது. அந்தக் கார்களை வைத்திருந்தவர்களுக்கு உதிரி பாகமும் மறுவிற்பனை விலையும் எவ்வளவு தொல்லையாயிற்று என்பது தெரியும். சிறு ஊர்களிலும் சர்வீஸ் உள்ள கம்பெனிக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. சர்வீசுக்கு விட ஒரு நாள் கடையை மூட வேண்டியிருந்தால் அந்த நாள் வியாபாரத்தையும் சர்வீஸ் பில்லில் கூட்டுங்கள்.

நம் கருத்து

மாதம் 1,000 கி.மீ.க்குள் ஓடும், வீட்டில் நான்கு பேர் உள்ள மளிகைக் கடைக்காரருக்கு நான்கு மீட்டருக்குள் அடங்கும் செடானே பொருத்தம் என்பது நம் எண்ணம். மிச்சமாகும் ஐந்தாறு லட்சத்தைச் சரக்கிலோ, வரி வரவு கிடைக்கும் சரக்கு வண்டியிலோ போடலாம். அடிக்கடி நெடுந்தூரம் போகிற, கடனில்லாமல் முக்கால் பங்காவது சொந்தப் பணம் போடக்கூடிய மொத்த வியாபாரிக்கு நடுத்தர செடான் தகும். அவர்களில் அமைதியான ஓட்டமும் பின் இருக்கைச் சுகமும் வேண்டுவோர் சிட்டியையும், பெரிய டிக்கியும் பக்கத்தில் சர்வீசும் வேண்டுவோர் வெர்னாவையும், மேடுபள்ளமும் நெடுஞ்சாலையும் மாறி மாறி வருவோர் ஸ்லாவியா அல்லது வெர்டஸையும் முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு தாளில் ஆன்ரோடு விலை, தவணை, மாத ஓட்டம், இன்சூரன்ஸ், சர்வீஸ் தூரம் என்று ஐந்து வரி எழுதி, ஒவ்வொரு காருக்கும் ஒரு கட்டம் போட்டு நிரப்புங்கள். வீட்டு அம்மாவிடமும் ஆடிட்டரிடமும் அதைக் காட்டுங்கள். இருவரும் சரி என்றால் நல்ல நாள் பார்த்து முன்பணம் கட்டலாம்.